‘ஐட்டிஸ்’ என்று முடியும் நோய்கள்

ஆர்த்ரைட்டிஸ், நெஃப்ரைட்டிஸ், பிராங்கைட்டிஸ் என்று மருத்துவ அறிக்கைகளில் அடிக்கடி கண்ணில் படும் பெயர்களின் ஈற்றில் உள்ள ‘ஐட்டிஸ்’ இன்று அழற்சியைக் குறிக்கிறது. அதாவது, உடலின் ஓர் உறுப்பு சிவந்து, வீங்கி, சூடேறி வலிக்கும் நிலையை. பண்டைய கிரேக்கத்தில் அதற்கு அந்தப் பொருளே கிடையாது. ‘சார்ந்த’ என்று பொருள்தரும் வெறும் பெயரடை விகுதி அது.

கிரேக்கத்தில் மூட்டுக்கு ‘ஆர்த்ரோன்’ என்றும் நோய்க்கு ‘நோசோஸ்’ என்றும் பெயர். ‘நோசோஸ்’ ஆண்பாற் சொல்லைப் போல ஒலித்தாலும் இலக்கணப்படி பெண்பால் ஆகையால், அதனோடு சேரும் பெயரடையும் பெண்பால் விகுதியை ஏற்று, மூட்டு சார்ந்த நோய் ‘ஆர்த்ரிட்டிஸ் நோசோஸ்’ ஆயிற்று. சர்க்கரை நோய் உள்ளவரைப் பற்றி ‘அவருக்குச் சர்க்கரை இருக்கிறது’ என்று நாம் சொல்வதைப் போலவே, கிரேக்கர்களும் நோயை விட்டுவிட்டு அடைமொழியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் நூல்களிலேயே ‘ஆர்த்ரிட்டிஸ்’ தனித்து நிற்கிறது.

இப்படிப் பெயர் பெற்ற பழைய நோய்கள் பலவற்றில் வீக்கமோ காய்ச்சலோ இருந்ததால், பிற்கால ஐரோப்பிய மருத்துவர்கள் அழற்சி என்ற பொருளை விகுதியின் மேலேயே ஏற்றிவிட்டார்கள். அதன்பின் எந்த உறுப்போடும் அதை ஒட்ட முடிந்தது. 1808இல் இங்கிலாந்து மருத்துவர் சார்லஸ் பேடம் மூச்சுக்குழல் அழற்சிக்குப் பிராங்கைட்டிஸ் என்று பெயரிட்டார். 1886இல் அமெரிக்க நோயியலாளர் ரெஜினால்ட் ஃபிட்ஸ் உருவாக்கிய ‘அப்பெண்டிசைட்டிஸ்’ இன்னும் சுவையானது. அதுவரை வலது அடிவயிற்றில் தோன்றும் இத்தகைய வலிக்குப் பெருங்குடலின் தொடக்கப் பையே காரணம் என்று கருதி, ‘டிஃப்லைட்டிஸ்’ என்ற பெயரால் வழங்கிவந்தார்கள். நோய் பெரும்பாலும் குடல்வாலில்தான் தொடங்குகிறது என்று காட்டிய ஃபிட்ஸ், காலம் தாழ்த்தாமல் அறுவை செய்ய வேண்டும் என்றும் வலியுறுத்தினார். லத்தீன் உடலில் கிரேக்க வாலை ஒட்டிய அந்தக் கலப்புச் சொல் மொழித்தூய்மை பேசியவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஆயினும் கத்தியை எங்கே வைக்க வேண்டும் என்பதைச் சரியாகச் சொன்ன பெயர் அதுதான் என்பதால், அது நிலைத்ததில் எனக்கு வியப்பில்லை.

நோய்ப்பெயர்களைப் போலவே மருத்துவரின் பெயரும் கிரேக்கத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. மருத்துவரைக் குறிக்கும் ‘இயாட்ரோஸ்’ என்ற கிரேக்கச் சொல், ஹோமரின் இலியத் காவியத்தில் வரும் காலத்திலேயே மதிப்புடையது. போரில் காயமுற்ற மருத்துவன் மக்காவோனைக் காப்பாற்றச் சொல்லும்போது, ஒரு மருத்துவன் பல வீரர்களுக்கு ஈடாவான் என்கிறான் கிரீட்டின் அரசன் இடொமெனியஸ். பீடியாட்ரிக்ஸ் (குழந்தை மருத்துவம்), சைக்கியாட்ரி (மனநல மருத்துவம்) ஆகியவற்றின் பிற்பாதியில் இருப்பதும் இச்சொல்லே. சொல்லின் முற்பாதியில் வரும்போதுதான் அது மருத்துவர்களைச் சங்கடப்படுத்துகிறது: ‘அயட்ரோஜெனிக்’ என்பது சிகிச்சையாலேயே விளைந்த கேட்டைக் குறிக்கும். உதிர்ந்துபோன ‘நோசோஸ்’கூட அதன் அருகிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. நோயாளிகளைப் பேணும் இடத்துக்குக் கிரேக்கர்கள் வைத்த பெயரிலிருந்து பிறந்த ‘நோசோகோமியல்’ என்ற அடைமொழி, மருத்துவமனையில் தங்கியிருக்கும்போது தொற்றும் நோய்களுக்கு இன்று வழங்குகிறது.