"சும்மா பயத்துக்குத்தான் வச்சிருந்தனான்"

இரவு பத்தரை மணிக்கு வந்த அழைப்பு அது. "அக்கா, மகனைப் பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். பைக்குள்ள கத்தி இருந்ததாம். அவன் அப்பிடிப் பிள்ளை இல்லை அக்கா." லண்டனில் இளையோர் வழக்குகளைப் பார்க்கும் சொலிசிட்டர் நான். இந்தக் கடைசி வரியை எத்தனையோ தாய்மாரிடம் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும்.

பையனுக்கு 15 வயது (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்). பள்ளி விட்டு பஸ் மாறும் இடத்தில் இரண்டு தடவை அவனை மறித்து போனைப் பறித்திருக்கிறார்கள். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அப்பா பள்ளிக்கு வந்து நிற்பார், அதைவிட வெட்கம் வேறில்லை. அடுப்படி லாச்சியில் இருந்த மரக்கறிக் கத்தியைத் துவாயில் சுற்றி பைக்குள் வைத்துவிட்டான். "வெளியில எடுக்கவே இல்லை அன்ரி. சும்மா பயத்துக்குத்தான் வச்சிருந்தனான்."

இங்கிலாந்து, வேல்ஸ் சட்டத்தில் அது போதாது. 1988ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 139ஆம் பிரிவின்படி, பொது இடத்தில் கத்தியைத் தன்னிடம் வைத்திருப்பதே குற்றம். எடுத்துக் காட்டவோ மிரட்டவோ தேவையில்லை. வளர்ந்தவருக்கு நான்கு ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். மூன்று அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்திக்கு மட்டும் விலக்கு. விரித்தபின் பூட்டிக்கொள்ளும் வகை என்றால் அதற்கும் இல்லை. தக்க காரணம் இருந்தால் தப்பலாம், ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது பிள்ளைதான். வேலை, சீக்கியர் அணியும் கிர்பான் என்ற சிறு வாள் போன்ற சமயக் காரணம் இவை ஏற்கப்படும். 'யாராவது அடித்தால்' என்ற பொதுவான பயம் ஏற்கப்படாது.

எங்கள் தமிழ் ஆட்களுக்கு இதில் தனியாக ஒரு பொறி இருக்கிறது. சனி, ஞாயிறு கடையில் உதவிக்கு நிற்கும் பிள்ளை பெட்டி வெட்டும் கத்தியை ஜக்கெட் பொக்கெட்டில் போட்டுவிடுவான். கடையில் அது வேலைச் சாமான். திங்கட்கிழமை பள்ளிக்குள் போனால் வேறு கதை, பள்ளி வளவுக்கென்றே 139ஏ என்று ஒரு பிரிவு உண்டு. "மறந்து போச்சு" என்பது மட்டும் தக்க காரணம் ஆகாது என்று நீதிமன்றங்கள் பல வருடங்களுக்கு முன்பே சொல்லிவிட்டன. கடை முதலாளிமாருக்கும் ஒன்று: 18 வயதுக்குக் குறைந்தவருக்கு அதே கத்தியை விற்றால் வழக்கு உங்கள் மேல்.

இங்கே குற்றப் பொறுப்பு வயது 10. முதல் தடவை பிடிபட்டு ஒத்துக்கொள்ளும் பிள்ளை பெரும்பாலும் உள்ளே போகாது. எச்சரிக்கை கிடைக்கலாம், அல்லது இளையோர் நீதிமன்றம் ஒரு குழுவிடம் அனுப்பி சில மாதத் திட்டம் போடும். இரண்டாம் தடவைதான் இடி. 2015இல் வந்த விதிப்படி, 16, 17 வயதுக்காரர் மறுபடி குற்றவாளியாகக் காணப்பட்டால் குறைந்தது நான்கு மாதத் தடுப்புத் தண்டனை; 18 தாண்டினால் ஆறு மாதச் சிறை. மிக விதிவிலக்கான சூழ்நிலை இருப்பதாக நீதிபதி கருதினால்தான் விலக்கு. குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இருக்கும் குடும்பங்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். 10 வயது கடந்த பிள்ளையிடமும் உள்துறை அலுவலகம் நன்னடத்தை பார்க்கும்.

சரி, அரசு என்ன செய்கிறது? தடை போடுகிறது. 2024 செப்டெம்பரில் 'சொம்பி' என்று சொல்லும், பயமுறுத்தும் தோற்றமுள்ள பெரிய கத்திகள், 2025 ஓகஸ்டில் நிஞ்சா வாள்கள். வீட்டில் வைத்திருந்தாலும் குற்றம். போடட்டும், நல்லதுதான், அந்தச் சாமான்கள் யாருக்கும் தேவையில்லை. ஆனால் என் மேசைக்கு வரும் வழக்குகளில் பாதிக்கு மேல் அம்மாவின் அடுப்படிக் கத்தி. அதை எந்தப் பட்டியலில் போடுவது? 2019இல் கோழிப்பொரியல் கடைகளின் பெட்டிகளில் கத்தி எதிர்ப்புக் கதைகளை அச்சிட்டு 200க்கு மேற்பட்ட கடைகளுக்கு அனுப்பியது உள்துறை. கறுப்பினப் பிள்ளைகளைப் பற்றிய மட்டமான எண்ணம் இது என்று அப்போதே கண்டனம் வந்தது. எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஸ்கொட்லாந்து வேறு வழியில் போனது. 2005இல் கிளாஸ்கோவில் பொலிஸாரே வன்முறைக் குறைப்புப் பிரிவு ஒன்றைத் தொடங்கி, வன்முறையைத் தொற்றுநோய் போலப் பார்த்தார்கள். யாருக்கு வருகிறது, யாரிடமிருந்து பரவுகிறது, எங்கே மறிக்கலாம் என்று ஆசிரியர், வைத்தியர், வேலை கொடுப்பவர் எல்லோரையும் சேர்த்துக்கொண்டார்கள். சோதனையும் சிறையும் அங்கேயும் இருந்தன, அதை மறைக்கக் கூடாது. ஆனாலும் அடுத்த பத்தாண்டில் ஸ்கொட்லாந்தில் கொலைகள் பாதிக்கும் கீழே இறங்கின. லண்டன் மேயரும் 2018இல் அதே மாதிரியில் ஒரு பிரிவை அறிவித்தார். ஆனால் 2010க்குப் பிறகு மூடப்பட்ட இளைஞர் மன்றங்கள் அத்தனையும் திரும்பித் திறக்கவில்லை. அந்த 15 வயதுப் பையனின் பஸ் தரிப்பிடத்தில் மாலை நான்கு மணிக்கு ஒரு பெரிய ஆள் நின்றிருந்தால், அந்தக் கத்தி லாச்சியிலேயே கிடந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

கடைசியாக, அந்த இரவு அழைப்பு உங்களுக்கு வந்தால். பொலிஸ் நிலையத்தில் சட்ட ஆலோசனை இலவசம், உங்கள் வருமானத்தைப் பார்க்க மாட்டார்கள். "நாங்கள் பிழை ஒண்டும் செய்யேல்லைத்தானே, லோயர் எதுக்கு" என்று சொல்லி, லோயர் வேண்டாம் எனக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் பெரியவர் ஒருவர் துணையில்லாமல் பொதுவாக விசாரிக்க முடியாது. அநேகமாக நீங்கள்தான் அந்தத் துணை. ஆனால் பிள்ளை உங்களிடம் சொல்வதற்கு, சொலிசிட்டரிடம் சொல்வதற்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு இல்லை. அறைக்குள் போனவுடன் "ஏனடா எடுத்தனி?" என்று கேட்கத்தான் வாய் வரும். அதைக் கேட்காதீர்கள். தண்ணீர் வாங்கிக் கொடுங்கள், சாப்பிட்டானா என்று கேளுங்கள். அவன் கதையைத் தொடங்கினால், "லோயர் வரட்டும், பிறகு கதைப்பம்" என்று சொல்லுங்கள்.