ஆஸ்ட்ரகோடு: ஆழம் சொல்லும் ஓடு

இரண்டு ஓடுகளுக்குள் ஒடுங்கி வாழும் நுண்ணிய நீர்வாழ் உயிரிகளுக்கு ஆஸ்ட்ரகோடா என்ற பெயரை 1802இல் பிரெஞ்சு விலங்கியலர் லாத்ரேய் சூட்டினார். மூலம் கிரேக்கம். 'ஆஸ்ட்ரகான்' என்றால் பானை ஓடு. சிப்பியின் ஓட்டுக்கும் அதுவே பெயர். ஏதென்ஸில் ஒருவரைப் பத்தாண்டு நாடுகடத்த வேண்டுமென்றால் மக்கள் அவர் பெயரைப் பானை ஓட்டில் கீறி வாக்களித்தார்கள். ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்தோக்ளிஸின் பெயர் கீறிய ஓடுகள் அகழாய்வில் நிறையவே கிடைத்திருக்கின்றன.

தமிழிலும் இரண்டுக்கும் ஒரே சொல்தான்: கீழடிப் பானை ஓடு, ஆமை ஓடு. இப்படியொரு சொல் கையில் இருக்க, 'சீட் ஷ்ரிம்ப்' என்ற ஆங்கிலப் புழக்கத்தைப் பார்த்து 'விதையிறால்' என்பது எனக்கு ஒப்பவில்லை. இது இறாலே அல்ல. 'ஓட்டுயிரி' என்றால் நண்டும் உள்ளே வந்துவிடும். ஆகவே 'சிற்றோட்டுயிரி' என்பேன். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டர் அளவுதான். முதுகில் கீல்போட்டாற்போல் சேர்ந்த இரண்டு சுண்ண ஓடுகளுக்குள் கால்களோடு உடல் ஒடுங்கியிருக்கும். பார்வைக்குச் சிப்பிக்குஞ்சு, உறவோ நண்டு இறாலோடு.

பெயரில் ஓடு இருந்தே ஆக வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம், அது வாழ்ந்த ஆழத்தைக் காட்டிக்கொடுப்பதும் அந்த ஓடுதான். வெளிச்சம் எட்டும் கரையோர இனங்கள் பலவற்றின் ஓட்டில் கண் இருக்கும் இடத்தில் சிறு கண்ணாடிப் புடைப்பு தெரியும். இருண்ட ஆழத்தில் வாழும் கிரித்தே என்ற பேரினம் போன்றவற்றுக்குக் கண்ணே இல்லை, புடைப்பும் இல்லை. ஆழம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் இனங்களைப் பிரித்து வைப்பவை ஒளி, குளிர், உயிர்வளி, அடிமண் எல்லாம் சேர்ந்துதான்.

ஒரு சிக்கலும் உண்டு. வளர்ந்து முடிவதற்குள் பல இனங்கள் எட்டு முறை ஓட்டைக் கழற்றுகின்றன. கழன்ற ஓடுகளை நீரோட்டம் சரிவில் உருட்டிக் கீழே சேர்த்துவிடும். அதனால் ஆழ்கடல் சேற்றில் கண்புடைப்புள்ள ஓடு கிடைத்தால், அது அங்கே வாழ்ந்ததா, வந்து விழுந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும்.

1970இல் குளோமர் சேலஞ்சர் என்ற ஆய்வுக் கப்பல் மத்தியதரைக் கடலடியைத் துளைத்தபோது, ஒருகாலத்தில் அந்தக் கடல் பெருமளவு வற்றியதைக் காட்டும் உப்புப் படிவுகள் கிடைத்தன. அந்தக் காலத்தின் இறுதி அடுக்குகளில் இருப்பவை ஆழமற்ற உவர்நீரில் வாழும் சைப்ரிடெய்ஸ் என்ற சிற்றோட்டுயிரியின் ஓடுகள். அதற்கு மேலே, சுமார் 53 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அட்லாண்டிக் நீர் பாய்ந்து நிரம்பிய பிறகு படிந்த சேற்றில், ஆழ்கடல் இனங்களின் ஓடுகள்.