தொலைவில் இருக்கும் திரையைக் கொண்டுவர எந்த மொழி?

எங்கோ இருக்கும் கணினியின் திரையை நம் முன்னால் காட்டி, நம் விசைப்பலகையை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் செயலிதான் ரிமோட் டெஸ்க்டாப் கிளையன்ட். அது வின்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் எல்லாவற்றிலும் ஓட வேண்டும். எந்த நிரல்மொழியில் எழுதுவது? கேட்டால் ஆளுக்கு ஒரு மொழியைச் சொல்வார்கள். அதற்கு முன் அந்தச் செயலிக்குள் எவ்வளவு தரவு ஓடுகிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

1920×1080 திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள். ஒரு பிக்சலுக்கு 4 பைட் என்றால் ஒரு முழுப் படம் கிட்டத்தட்ட 83 லட்சம் பைட். நொடிக்கு 60 படங்கள் வந்தால் ஏறக்குறைய 50 கோடி பைட். வழியில் இது சுருங்கித்தான் வருகிறது: திரையை அனுப்பும் நெறிமுறைகளில், விஎன்சி பெரும்பாலும் திரையில் மாறிய செவ்வகங்களை மட்டும் அனுப்பும், மைக்ரோசாஃப்டின் ஆர்டிபி எச்.264 என்ற முறையில் சுருக்கிய காணொளியாகவும் அனுப்பும். ஆனால் கிளையன்ட் அதை விரித்ததும் பழைய அளவுக்கு வந்துவிடும். ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிநொடி மட்டுமே.

'பைதான் மெதுவானது, ஆகாது' என்பது பாதிதான் உண்மை. 20 லட்சம் பிக்சல்களைப் பைதான் லூப்பில் ஒவ்வொன்றாகத் தொட்டால் அந்த நேரத்துக்குள் முடியவே முடியாது. ஆனால் காணொளியை விரிக்கும் வேலையை வன்பொருள் செய்து, படம் கிராஃபிக்ஸ் நினைவகத்திலேயே இருந்து, பைதான் 'இதைக் காட்டு' என்று மட்டும் சொன்னால் வேகம் பெரிய சிக்கலே இல்லை. ஜாவா, கோ போன்ற மொழிகளில் பயன்படாத நினைவகத்தைத் தானாக மீட்கும் குப்பை சேகரிப்பும் அப்படித்தான். ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக 83 லட்சம் பைட் கேட்டால் அது மூச்சுத் திணறும். படத்தைத் தற்காலிகமாக வைக்கும் இரண்டு மூன்று நினைவிடங்களையே (இடையகங்கள்) திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் அமைதியாக இருக்கும். பிக்சல்கள் ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு எத்தனை முறை நகலெடுக்கப்படுகின்றன என்பதுதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது.

அப்படியானால் எந்த மொழியும் சரியா? இல்லை. எனக்கு வேகத்தைவிடப் பெரிய கவலை பாதுகாப்பு. கிளையன்ட் எந்நேரமும் மறுமுனையில் உள்ள கணினி அனுப்புவதை நம்பிப் படித்துக்கொண்டிருக்கிறது. அந்த முனை கெட்ட எண்ணம் கொண்டதாக இருந்தால்? '32768 அகலம், 32768 உயரம்' என்று ஒரு செவ்வகத்தை அறிவிக்கிறது என்று வையுங்கள். 4 பைட்டால் பெருக்கினால் 4,29,49,67,296. எதிர்மம் இல்லாத 32 பிட் எண் கொள்ளும் உச்சத்தைவிட இது சரியாக ஒன்று அதிகம். விடை சுழன்று 0 ஆகிவிடும். சி மொழியில் கவனக்குறைவாக எழுதிய நிரல் 0 பைட் இடம் வாங்கிக்கொண்டு, வரும் பிக்சல்களை தான் வாங்காத நினைவகத்தில் எழுதத் தொடங்கும். இது வெறும் கற்பனை அல்ல. 2019-இல் செக் பாயின்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஆர்டெஸ்க்டாப், ஃப்ரீஆர்டிபி, மைக்ரோசாஃப்டின் கிளையன்ட் மூன்றிலும் சேர்த்து 25 ஓட்டைகளைக் கண்டார்கள்; அவற்றில் இந்த வகைப் பிழைகளும் உண்டு.

ரஸ்ட் என்ற நிரல்மொழியிலும் அந்த எண் சுழலலாம். ஆனால் வாங்கிய இடத்தைத் தாண்டி எழுதப் போகும்போது நிரல் அங்கேயே நின்றுவிடும். செயலி மூடிக்கொள்ளும், கணினி பறிபோகாது. ஜாவாவும் கோவும்கூட இதைச் செய்யும். ரஸ்டில் குப்பை சேகரிப்பும் இல்லை என்பதால், தரவைப் படித்து விரிக்கும் உள்பகுதிக்கு நான் அதையே தேர்ந்தெடுப்பேன். ஆனால் வன்பொருளைக் கொண்டு காணொளியை விரிக்க உதவும் மேக்கின் வீடியோடூல்பாக்ஸ், லினக்ஸின் விஏ-ஏபிஐ போன்றவை சி வடிவில்தான் கிடைக்கின்றன. அவற்றைத் தொடும் இடங்களில் ரஸ்டின் காவலும் தளர்ந்துவிடும். அந்த இடங்களைச் சின்னதாக வைத்துக்கொள்ள வேண்டும். பொத்தான், பட்டியல் இவற்றுக்கெல்லாம் வேறு மொழி இருக்கலாம். ரஸ்ட்டெஸ்க் என்ற ரிமோட் டெஸ்க்டாப் செயலி அப்படித்தான், உள்ளே ரஸ்ட், முகப்புக்கு டார்ட் மொழியில் எழுதும் ஃப்ளட்டர். உலாவி மட்டும் தனிக் கதை: அங்கே வலைப்பக்கத்துக்கு நேரடி டிசிபி (இணையத்தின் அடிப்படை) இணைப்பு கிடையாது, உலாவி அனுமதிக்கும் வெப்சாக்கெட் போன்ற வழிகளில்தான் போக வேண்டும்.

அப்புறம், எந்த மொழியும் கைகொடுக்காத இடம் ஒன்று உண்டு: விசைப்பலகை. 'ஏ' விசைக்கு லினக்ஸின் மையமான கெர்னலில் எண் 30, லினக்ஸில் சாளரங்களைக் காட்டும் எக்ஸ்11-இல் 38, மேக்கில் 0. ஆர்டிபி கேட்பது 30. ஒவ்வொரு தளத்துக்கும் அட்டவணை போட்டே ஆக வேண்டும். அது முடிந்தாலும் ஆல்ட்டும் டேபும் காத்திருக்கும். ஆல்ட் அழுத்தியது கிளையன்டுக்குத் தெரியும். அதற்குள் வேறு சாளரத்துக்குத் தாவிவிட்டால், விரலை எடுத்த செய்தி அந்தச் சாளரத்துக்குப் போய்விடும். தொலைவில் உள்ள கணினியோ ஆல்ட் இன்னும் அழுந்தியிருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். அதனால் சாளரம் கவனம் இழக்கும் அந்தக் கணத்திலேயே, அழுந்திய எல்லா விசைகளையும் விட்டுவிட்டதாக கிளையன்ட் தானாகச் சொல்லியாக வேண்டும்.