18 சதவீதம் யாருக்குக் கிடைக்கிறது? டாக்ஸ் லீன் ஏலத்துக்குப் போகும் முன்

வருமான வரித் தாக்கலின் கடைசி நாளான ஏப்ரல் 15 தாண்டி ஆபீஸில் கூட்டம் குறைந்ததும் இந்தக் கேள்வி கிளம்பிவிடும். "சார், டாக்ஸ் லீன்ல பதினெட்டு பர்சென்ட் வருமாமே, கவர்மென்ட்டே கேரண்டியாம்?" சொத்து வரிப் பாக்கிக்காக ஒரு சொத்தின் மேல் விழும் பிடிதான் டாக்ஸ் லீன். கேட்பவர்கள் பெரும்பாலும் நம் ஐடி ஆட்கள். ஏதோ ஹோட்டல் ஹாலில் நடந்த இலவச செமினாருக்குப் போய்விட்டு, அடுத்த கட்ட வகுப்புக்குப் பல ஆயிரம் டாலர் கட்டலாமா என்ற யோசனையில் இருப்பார்கள். நான் புளோரிடாவில் கணக்கு, வரி வேலை பார்ப்பவன் என்பதால் இங்குள்ள நடைமுறையை வைத்தே சொல்கிறேன். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். எல்லையைத் தாண்டி ஜார்ஜியாவுக்குப் போனாலே கதை வேறு.

அமெரிக்காவில் சொத்து வரியை வசூலிப்பது கவுண்ட்டியோ (நம்மூர் மாவட்டம் மாதிரி) நகராட்சியோதான். பள்ளிக்கூடம், தீயணைப்பு, சாலை எல்லாம் பெருமளவு அந்தப் பணத்தில் ஓடுகின்றன. உரிமையாளர் வரி கட்டவில்லை என்றால் சொத்தின் மேல் லீன் விழும். பொதுவாக இது வீட்டுக்கடன் கொடுத்த வங்கியையும் முந்திக்கொண்டு முதல் வரிசையில் நிற்கும். புளோரிடா, அரிசோனா, நியூ ஜெர்சி, அயோவா போன்ற மாநிலங்கள் இந்த லீனை ஏலம் விடுகின்றன. நீங்கள் அவருடைய வரியைக் கட்டுகிறீர்கள், அவர் பின்னால் வட்டியோடு திருப்பித் தருகிறார். வீட்டில் உங்களுக்கு ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை. கலிபோர்னியா, மிச்சிகன், வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் சில வருஷம் பாக்கி வைத்தால் சொத்தே ஏலத்துக்கு வரும். அதுதான் டாக்ஸ் டீட், அதாவது சொத்துப் பத்திரமே வாங்கியவர் கைக்கு வருவது. டெக்சாஸும் ஜார்ஜியாவும் இரண்டுக்கும் நடுவில். டீட் உங்கள் கைக்கு வந்தாலும் பழைய உரிமையாளர் பணத்தைக் கட்டி மீட்டுக்கொள்ளலாம். டெக்சாஸில் குடியிருக்கும் வீட்டுக்கும் விவசாய நிலத்துக்கும் 2 வருஷம், மற்றவற்றுக்கு 180 நாள். முதல் வருஷத்துக்குள் மீட்டால் உங்களுக்கு 25 சதவீதம் கூடுதலாகத் தரவேண்டும்.

சரி, அந்த 18 சதவீதம் எங்கிருந்து வந்தது? புளோரிடாவில் ஏப்ரல் 1 தாண்டினால் வரி பாக்கியாகிவிடும். ஜூன் 1 வாக்கில் கவுண்ட்டிகள் அந்த லீன்களைச் சான்றிதழ்களாக ஆன்லைனில் ஏலம் விடும். இந்த ஏலத்தில் விலை ஏறாது, வட்டிதான் இறங்கும். 18-ல் தொடங்கி, யார் குறைந்த வட்டிக்குச் சம்மதிக்கிறாரோ அவருக்குச் சான்றிதழ். எதிரே உட்கார்ந்திருப்பது வங்கிகளும் ஃபண்டுகளும். மென்பொருளை வைத்து ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் கேட்பார்கள். ஆள் குடியிருக்கும் நல்ல வீடு என்றால் கால் சதவீதம் வரைகூட இறக்குவார்கள்.

கால் சதவீதத்துக்கு ஏன் வாங்கவேண்டும்? சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. ஏலம் கேட்ட வட்டி எவ்வளவு குறைவாக இருந்தாலும், பூஜ்யமாக இல்லாதவரை, உரிமையாளர் பாக்கியைக் கட்டி மீட்கும்போது குறைந்தது 5 சதவீதம் தரவேண்டும். 3,000 டாலர் சான்றிதழை இப்படி வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளர் 2 மாதத்தில் கட்டிவிட்டால் 150 டாலர். வருஷக் கணக்கில் பார்த்தால் 30 சதவீதம், பிரமாதம். அவரே 22 மாதம் கழித்துக் கட்டினாலும் அதே 150 டாலர்தான். வருஷத்துக்கு 2.7 சதவீதம்தான் தேறும். எப்போது கட்டுவார் என்பது அவர் கையில். செமினாரில் முதல் கணக்கை மட்டும் திரையில் போட்டுக் காட்டுவார்கள்.

அப்போது 18 சதவீதத்திலேயே நின்றுபோகும் சான்றிதழ்கள்? இருக்கின்றன. அவற்றை யாரும் ஏன் தொடவில்லை என்றுதான் முதலில் கேட்கவேண்டும். சதுப்பு நிலம், வழியில்லாத துண்டு, மூடிக்கிடக்கும் பழைய பெட்ரோல் பங்க். உரிமையாளரே கைகழுவிய சொத்துக்கு அவர் வட்டி கட்டப்போவதில்லை. 7 வருஷத்தில் சான்றிதழ் செல்லாமல் போய்விடும், போட்ட முதலும் அதோடு போகும். கேரண்டி என்ற சொல் இங்கேதான் பல்லிளிக்கிறது.

"ரெண்டு வருஷம் கட்டலேன்னா வீடு எனக்குத்தானே?" அடுத்த கேள்வி இது. இல்லை. 2 வருஷம் கழித்து டீட் கோரி விண்ணப்பிக்கலாம். அதற்கு அந்தச் சொத்தின் மேலுள்ள மற்ற சான்றிதழ்கள், பாக்கி வரி, கட்டணங்கள் எல்லாவற்றையும் நீங்களே முதலில் கட்டவேண்டும். பிறகு சொத்து பொது ஏலத்துக்குப் போகும், கூடுதலாகக் கேட்பவருக்குக் கிடைக்கும். உங்களுக்கு முதலும் வட்டியும் திரும்ப வரும். யாருமே கேட்கவில்லை என்றால்தான் சொத்து உங்கள் தலையில். யாருமே கேட்காத சொத்து!

மின்னியாபோலிஸைச் சேர்ந்த ஜெரால்டின் டைலர் என்ற மூதாட்டியின் வழக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. வரியும் அபராதமுமாகச் சுமார் 15,000 டாலர் பாக்கிக்கு, ஹென்னபின் கவுண்ட்டி அவருடைய அடுக்குமாடி வீட்டை எடுத்து 40,000 டாலருக்கு விற்று, மிச்சத்தையும் தானே வைத்துக்கொண்டது. 2023 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அது செல்லாது என்றது. சின்னக் கடனுக்கு முழு வீடு என்ற வாய்ப்பு அதற்குப் பிறகு சுருங்கிக்கொண்டே வருகிறது. நியூ ஜெர்சி தன் சட்டத்தையே திருத்தியது. என்னைக் கேட்டால் நல்ல தீர்ப்பு. ஒரு கிழவியின் வீட்டை வைத்து லாபம் பார்ப்பதை முதலீடு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

டீட் ஏலத்தில் நேரடியாக இறங்குபவர்களுக்கு வேறு தலைவலி. என்னிடம் வந்த ஒருவர், புதிதாக வீடுகள் வந்திருக்கும் பகுதியில் ஒரு மனையை ஆன்லைனிலேயே மலிவாக எடுத்திருந்தார். பட்டியலில் பார்சல் எண் (மனையின் பதிவு எண்), பரப்பு எல்லாம் சரியாகவே இருந்தன. கவுண்ட்டி மதிப்பீட்டாளர் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டு வான்வழிப் படத்தைத் திறந்தோம். மனையின் கோடுகளுக்குள் பச்சையாகத் தண்ணீர்: அந்தக் குடியிருப்பின் மழைநீர் தேங்கும் குளம். கட்டவும் முடியாது, விற்கவும் ஆள் இல்லை, வருஷா வருஷம் வரி மட்டும் இவர் பெயருக்கு வரும். அந்தப் படத்தைப் பார்க்கக் காசு எதுவும் கிடையாது.

நிலம் நன்றாக இருந்தாலும் காகிதம் இருக்கிறது. புளோரிடாவில் டீட் கொடுத்த பிறகும் நகராட்சி, கவுண்ட்டி போட்ட லீன்கள் சொத்தோடு ஒட்டிக்கொண்டே வரும். புல் வெட்டாததற்கான தினசரி அபராதம் வீட்டு விலையைத் தாண்டிப் போனதும் உண்டு. ஐஆர்எஸ் (மத்திய வருமான வரித்துறை) லீன் இருந்தால் ஏலத்துக்குப் பின் 120 நாள்வரை அவர்கள் மீட்கலாம். சொத்துரிமை உங்களுடையதுதான் என்று கோர்ட்டில் உறுதிப்படுத்தும் கொயட் டைட்டில் வழக்குப் போட்டு முடிக்காமல், உரிமைச் சிக்கலுக்கான காப்பீடான டைட்டில் இன்சூரன்ஸ் கிடைப்பது கஷ்டம். அது இல்லாவிட்டால் வங்கிக் கடனில் வாங்குபவர் உங்களிடம் வரமாட்டார். வக்கீல் செலவையும் சேர்த்துத்தான் விலை.

இதற்கு மேலும் ஆசை இருந்தால் உங்களுக்குத் தெரிந்த ஒரே ஒரு கவுண்ட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏலத்துக்கு முன் பட்டியலை வெளியிடுவார்கள். அதிலிருந்து கொஞ்சத்தைத் தேர்ந்து, படம் பார்த்து, பதிவேட்டைத் தேடி, காரை எடுத்துக்கொண்டு நேரில் போய் வாருங்கள். முதல் வருஷம் பணம் போடாமல் ஏலம் எப்படிப் போகிறது என்று மட்டும் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். போடுவதானால், திரும்பி வர 2, 3 வருஷம் ஆனாலும் கையைக் கடிக்காத பணமாக இருக்கட்டும்.

அப்புறம், கிடைக்கும் வட்டி முழுவதும் சம்பளம் மாதிரியே சாதாரண வருமானமாகத்தான் சேரும், சலுகை விகிதம் கிடையாது. புளோரிடாவில் மாநில வருமான வரி இல்லை. ஆனால் நீங்கள் நியூ ஜெர்சியில் குடியிருந்தால் புளோரிடா வட்டிக்கும் நியூ ஜெர்சி வரி உண்டு. அந்த 150 டாலர் கணக்கில் இதையும் கழித்துக்கொள்ளுங்கள்.