முன்கை தீர்ந்தால் ஏற்றம் தீர்ந்தது

கிருஷ்ணகிரி, ராயக்கோட்டைப் பக்கத்து மொட்டைக் கருங்கல் குன்றுகளில் கயிறு கட்டி ஏற வருகிற புதியவர்களில், ஜிம்மில் உடம்பை ஏற்றியவர்கள்தான் சீக்கிரம் கைவிடுகிறார்கள். கம்பியில் பதினைந்து தடவை தொங்கி எழுகிறவருக்கும் பத்து மீட்டரில் விரல் தானாகத் திறந்துகொள்ளும். காரணம் முன்கையில் இருக்கிறது.

விரலை மடக்கும் முக்கியத் தசைகள் விரலில் இல்லை. அவை முன்கையில் இருந்து தசைநாண் வழியாக விரலை இழுக்கின்றன. இறுக்கிப் பிடிக்கும்போது தசை தன் ரத்தக்குழாய்களையே நசுக்கிக்கொள்கிறது. முழுப் பலத்தில் பாதிக்கு மேல் போனால் ரத்த ஓட்டம் பெரும்பாலும் அடைபட்டுவிடும். முன்கை கல்லாக இறுகும் இந்த நிலையைத்தான் ஏறுபவர்கள் ‘பம்ப்’ என்கிறார்கள். முழுக்க இறுகிய பிறகு சில நொடி உதறிப் பயனில்லை. கால் நன்றாக நிற்கிற இடம் கிடைத்ததுமே, வலிக்காவிட்டாலும், ஒரு கையைத் தொங்கவிட்டு உதற வேண்டும். பிடித்திருக்கும் கை நீட்டியபடி இருக்கட்டும். முழங்கை மடங்கினால் மேல்கைத் தசையும் சேர்ந்து களைக்கும்.

மிச்ச வேலை காலுக்கு. நம் பக்கத்துக் குன்றுகளில் சரிவுப் பாறைதான் அதிகம், கைப்பிடி குறைவு. பயந்தவர் பாறையைக் கட்டிப்பிடிப்பார். மார்பும் கையும் பாறைமேல் சாய்ந்ததும், சாய்த்து வைத்த ஏணியின் அடிபோலப் பாதம் வெளியே தள்ளப்பட்டு வழுக்கும். இடுப்பைப் பாறையிலிருந்து விலக்கி, எடை நேராகப் பாதத்தில் இறங்கும்படி நிற்க வேண்டும். குதிகாலைத் தாழ்த்தினால் ரப்பர் அதிகப் பரப்பில் படியும். 45 டிகிரி சரிவில் வெறும் உராய்வால் நிற்க உராய்வுக் கெழு (உராய்வு விசைக்கும் அழுத்தும் விசைக்கும் உள்ள விகிதம்) 1 தேவை. நல்ல ஷூ ரப்பர், உலர்ந்த சொரசொரப்பான கருங்கல்லில் ஏறக்குறைய அதைத் தரும். அடியில் செம்மண் ஒட்டியிருந்தால் தராது. ஏறுமுன் ஷூவின் அடியைப் பேன்ட்டில் தேய்த்துத் துடைப்பது அதற்காகத்தான்.

செங்குத்துச் சுவரில் கதை மாறும். அங்கே இடுப்பு சுவரை ஒட்ட வேண்டும். பாதத்தின் நடுப்பகுதியை விட்டுப் பெருவிரல் நுனியில் நிற்க வேண்டும்.

சிறு விளிம்பை விரலின் நடுமூட்டைக் கூர்மையாக மடக்கிப் பிடிப்பது ‘கிரிம்ப்’. பிடி உறுதியாக இருக்கும். ஆனால் தசைநாணை எலும்போடு பிணைக்கும் வளையங்களில் சுமை பல மடங்காகும். மோதிர விரலில் ‘டப்’ என்று சத்தம் கேட்டால், வளையம் கிழிந்திருக்க வாய்ப்புண்டு. அன்றோடு நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். தசை சில வாரங்களில் வலுப்பெறும், தசைநாணுக்கும் வளையத்துக்கும் மாதக்கணக்காகும். முதல் வருடம் விரல் பலகையில் (விரல் நுனியால் பிடிக்கச் சிறு விளிம்புகள் உள்ள பலகை) தொங்கும் பயிற்சி வேண்டாம்.

மனத்தின் வேலையும் முன்கையில்தான் வந்து முடிகிறது. பயந்த கை தேவைக்கு மேல் இறுக்கும், மூச்சு அடைபடும், பார்வை ஒரே பிடியில் குத்திட்டு நிற்கும். மருந்து இரண்டு. ஒன்று, கீழே நின்றே வழியைப் படிப்பது: எந்தக் கை எங்கே, எங்கே ஓய்வு என்று. சர்வதேச லீட் போட்டிகளின் (கயிற்றைத் தானே மாட்டிக்கொண்டு உயரம் ஏறும் போட்டி) இறுதிச் சுற்றில் இதற்கென்றே 6 நிமிடம் தருகிறார்கள். இரண்டு, விழப் பழகுவது: மேலிருந்து வரும் கயிற்றில், முதலில் தளர்வே இல்லாமல், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்வு விட்டு, மூச்சை வெளியே விட்டபடி கையை எடுப்பது.

பயப்பட வேண்டியவையும் உண்டு. வெயிலிலும் காலத்திலும் உரிந்து நிற்கும் கல் தகடுகளைப் பிடிக்குமுன் உள்ளங்கையால் தட்டுங்கள். ‘டொக் டொக்’ என்று பொள்ளலாகக் கேட்டால் தொடாதீர்கள். மேலே மலைத்தேன் அடை தெரிந்தால் அந்தப் பாறையையே விட்டுவிடுங்கள். ராயக்கோட்டைக் கோட்டை தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ளது. அங்கே ஆணி அடிப்பது கூடாது.

உச்சி தொட்டதும் கவனம் தளரும். இறக்கும்போது கயிறு போதாமல் அதன் நுனி பிலே கருவியை (கீழே நிற்பவர் கயிற்றைப் பிடித்து நிறுத்தும் கருவி) விட்டு உருவிப் போகிற விபத்து அப்போதுதான் நடக்கிறது. 20 மீட்டர் வழிக்கு 40 மீட்டருக்கு மேல் கயிறு வேண்டும். கீழே இருப்பவர் பக்கத்து நுனியில், ஏறத் தொடங்குமுன்பே ஒரு முடிச்சுப் போட்டுவிடுங்கள்.