மூன்று திராட்சையில் ஒரு சிவப்பு

"விலை உயர்ந்த இத்தாலிய ஒயினில்கூட இரண்டு மூன்று வகைத் திராட்சையைக் கலக்கிறார்களாமே, அது கலப்படம் இல்லையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கலப்படச் செய்திகளைத் தினமும் படிக்கிறவர்களுக்கு வரவேண்டிய சந்தேகம்தான். டின்யானெல்லோ என்ற சிவப்பு ஒயினை வைத்தே பதில் சொல்லிவிடலாம்.

இத்தாலியின் தஸ்கனி மாநிலத்தில், புளோரன்சுக்குத் தெற்கே, கியாந்தி கிளாசிகோ மலைப்பகுதியில் இருக்கிறது டின்யானெல்லோ தோட்டம். கடல் மட்டத்திலிருந்து 350 முதல் 400 மீட்டர் உயரம், 57 ஹெக்டேர் பரப்பு. 1385 முதல் ஒயின் தொழிலில் இருக்கும் அன்டினோரி குடும்பத்தின் சொத்து. நிலத்திலிருந்து எடுத்த வெளிறிய சுண்ணாம்புக் கற்களை உடைத்துக் கொடிகளின் அடியிலேயே பரப்பியிருக்கிறார்கள். வெயில் அதில் பட்டுத் தெறித்துக் குலைகளின் அடிப்பக்கத்துக்கும் வெளிச்சம் போகிறது.

கியாந்தி என்பது அந்தப் பகுதிச் சிவப்பு ஒயினின் பெயர். 1967இல் வந்த விதிப்படி அந்தப் பெயரைப் போட வேண்டுமானால் வெள்ளைத் திராட்சையும் குறைந்தது 10 சதவீதம் சேர்த்தாக வேண்டியிருந்தது. பியரோ அன்டினோரியும் ஒயின் வல்லுநர் ஜாகமோ டாகிஸும் இதை மீறத் துணிந்தார்கள். 1971 அறுவடையிலிருந்து கியாந்தி என்ற பெயரையே கைவிட்டார்கள். 1975இல் வெள்ளைத் திராட்சையை அடியோடு நீக்கினார்கள். இதனால் சட்டத்தின் கண்ணில் அது வெறும் மேசை ஒயின், அதாவது கடைசித் தர ஒயின், ஆகிப்போனது. இன்று அதில் முக்கால் பங்குக்கு மேல் உள்ளூர்த் திராட்சையான சாஞ்சோவேசே; மீதி பிரான்சிலிருந்து வந்த கேபர்னே சோவின்யோனும் கொஞ்சம் கேபர்னே பிராங்கும்.

சரி, அன்னிய வகை எதற்கு? நறுமணம், வாயில் உணரும் கனம் என்று பல காரணம் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது நிறத்தின் கதை.

பள்ளியில் செம்பருத்திச் சாற்றில் எலுமிச்சை பிழிந்து நிறம் மாறுவதைப் பார்த்திருப்போம். அந்த நிறமி அந்தோசயனின். திராட்சைத் தோலில் இருப்பதும் அதே குடும்பம்தான். இதில் ஒரு வேடிக்கை. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு ஒயினில் சுமார் 3.5. அந்த அளவில் தனியாகத் திரியும் அந்தோசயனினில் சிறு பங்கு மட்டுமே சிவப்பாக இருக்கும். மீதி அந்தோசயனின் மூலக்கூறுகளோடு தண்ணீர் ஒட்டிக்கொண்டு அவற்றை நிறமற்றதாக்கிவிடுகிறது. சாஞ்சோவேசேயின் பாடு இன்னும் மோசம். எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் நிறமிகளின் பங்கு அதில் அதிகம். நிறமியோடு அமிலத் துணுக்கு ஒன்று இணைந்து உறுதி தரும் அசைல் வகையோ அதில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. கேபர்னேயில் அது தாராளம். தடித்த தோலிலிருந்து வரும் டானின் என்ற துவர்ப்புப் பொருளும் கூடுதல்.

அப்புறம் பீப்பாய் வருகிறது. பழைய பிரம்மாண்டப் பீப்பாய்களுக்குப் பதிலாக 225 லிட்டர் ஓக் பீப்பாய். பீப்பாய் சிறிதானால் ஒவ்வொரு லிட்டருக்கும் கிடைக்கும் மரப்பரப்பு அதிகம். மரத்தின் வழியாகவும் பலகை இடுக்குகள் வழியாகவும் ஆக்சிஜன் துளித்துளியாக உள்ளே வரும். அது நேராக ஆல்கஹாலைத் தொடாது. இரும்பு அயனிகளின் துணையோடு முதலில் டானின் போன்ற பீனால்களைத் தாக்கும். அப்போது ஹைட்ரஜன் பெராக்சைடு பிறக்கும். அது ஆல்கஹாலில் கொஞ்சத்தை அசிடால்டிஹைடாக மாற்றும். இந்தக் குட்டி மூலக்கூறு ஒரு பக்கம் டானினையும் மறுபக்கம் அந்தோசயனினையும் பிடித்துப் பாலமாக நின்றுவிடுகிறது. இப்படிக் கோத்துக்கொண்ட நிறமியைத் தண்ணீர் அவ்வளவு சுலபமாக நெருங்க முடியாது. ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கும் சல்ஃபைட்டாலும் எளிதில் வெளுக்காது. ஆக்சிஜன் அளவுக்கு மீறினால் ஒயின் பழுப்பாகிக் கெடும், போதாவிட்டால் பாலம் அமையாது. மரமே இந்த அளவைப் பார்த்துக்கொள்கிறது என்பதில் எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நாம் குடிக்கும் ஆல்கஹாலை நம் கல்லீரல் மாற்றுவதும் இதே அசிடால்டிஹைடாகத்தான். டிஎன்ஏவைச் சேதப்படுத்தும் பொருள் அது. "சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது" என்பது படித்தவர்களின் மூடநம்பிக்கை என்றே சொல்வேன். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என 2023இல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது.

இனி வாசகரின் கேள்வி. டின்யானெல்லோவில் என்ன கலக்கிறார்கள் என்பது ஊரறிந்த விஷயம், ஆகவே அது கலப்படம் இல்லை. அதே தஸ்கனியில் புருனெல்லோ தி மொண்டால்சினோ என்ற ஒயினுக்கு முழுக்க முழுக்கச் சாஞ்சோவேசே மட்டும்தான் என்று சட்டம். அதில் வேறு திராட்சை கலந்ததாக 2008இல் பெரிய விசாரணையே நடந்தது. இப்படிப்பட்ட கலப்பைப் பிடிக்க ஒரு வழி, ஒயினில் அசைல் அந்தோசயனின் இருக்கிறதா என்று, கலவையிலுள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் குரோமட்டோகிராபியில் பார்ப்பது. சாஞ்சோவேசேயில் இல்லாத பொருள் ஒயினில் கணிசமாக இருந்தால் வேறு திராட்சை உள்ளே வந்திருக்கிறது. திராட்சைத் தோலின் நிறமிகளைப் பட்டியலிடும் ஆய்வுக்குப் பணம் கேட்டால் "இதனால் என்ன பயன்?" என்று கேட்கும் நிதிக்குழுக்களுக்கு இந்த உதாரணத்தை அனுப்பலாம். ஆனால் சோதனையைச் சீக்கிரம் செய்ய வேண்டும். ஒயினுக்கு வயதாக ஆகத் தனி நிறமிகள் சிதைந்தும் டானினோடு கோத்துக்கொண்டும் குறைந்துவிடும். பழைய புட்டியில் தேடினால் தடயம் கிடைப்பது அரிது.