வாட்ஸ்ஆப்பில் வரும் வக்கீல் நோட்டீஸுக்குப் பணம் கட்டாதீர்கள்

போன வாரமும் ஒரு பெண் வந்தார். வலங்கைமான் பக்கம், பி.காம். படித்தவர். கேட்ட பணத்தையெல்லாம் கட்டி, பாட்டியின் தோட்டையும் அடகு வைத்த பிறகுதான் வக்கீலைத் தேடியிருக்கிறார். கும்பகோணத்தில் என்னிடம் வரும், ‘டேட்டா என்ட்ரி’ வேலை மோசடியில் சிக்கிய கட்சிக்காரர்கள் பெரும்பாலும் இப்படித்தான், எல்லாம் முடிந்த பிறகு வருகிறார்கள்.

வீட்டிலிருந்தே வேலை, 7 நாளில் 500 படிவத்தைப் பார்த்து டைப் அடித்தால் 20,000 ரூபாய். ஆதார் நகலை வாங்கிக்கொண்டு, செல்போனிலேயே ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்தும் வாங்கிவிடுவார்கள். ஏழாம் நாள் லாகின் திறக்காது, இல்லையென்றால் ‘பிழை அதிகம்’ என்று ரிப்போர்ட் வரும். மறுநாள் நோட்டீஸ்: ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், 6,800 ரூபாய் கட்டாவிட்டால் கைது.

படித்த பிள்ளைக்கு இது தெரியாதா என்று கேட்கிறார்கள். இந்தப் பெண்ணின் அம்மா நடவுக்கும் அறுப்புக்கும் போனவர். ஆட்கள் கூட்டமாக இறங்கி நாள் முழுக்க அறுத்த ஒரு ஏக்கரை, பெல்ட் வண்டி என்கிற அறுவடை இயந்திரம் ஒன்றிரண்டு மணி நேரத்தில் அறுத்து, நெல்லைத் தனியாகக் கொட்டிவிட்டுப் போகிறது. களத்தில் நெல்லாக அளந்து வாங்கிய கூலி அந்த வீட்டில் நின்றே போயிற்று. பக்கத்தில் படிப்புக்கேற்ற வேலை இல்லை, திருப்பூருக்கு அனுப்ப வீட்டில் மனசில்லை. செல்போனில் வேலை என்றால் அவர் நம்பாமல் என்ன செய்வார்? ஆனால் ஒன்றை யோசியுங்கள். அச்சடித்த பக்கத்தை இன்று கணினியே படித்து எழுத்தாக்கிவிடும். அதற்குப் போய் ஒரு படிவத்துக்கு 40 ரூபாய் யார் கொடுப்பார்கள்?

சரி, நோட்டீஸுக்கு வருகிறேன். வக்கீல் நோட்டீஸ் என்பது ஒரு வக்கீல் தன் கட்சிக்காரருக்காக எழுதும் கடிதம், அவ்வளவுதான். அது சம்மனும் இல்லை, வாரன்ட்டும் இல்லை. ஒப்பந்தப்படி ஒரு வேலையை முடித்துத் தராதது சிவில் விவகாரம். அதற்காகப் போலீஸ் யாரையும் கைது செய்யாது. உண்மையான நிறுவனமாகவே இருந்தாலும் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டு, நஷ்டத்தை நிரூபிக்க வேண்டும். 1872ஆம் வருடத்து ஒப்பந்தச் சட்டம், பிரிவு 74: ஒப்பந்தத்தில் என்ன தொகை எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். இதை எத்தனை முறை சொன்னாலும், “இல்லைங்க சார், கைதுன்னு போட்டிருக்காங்களே” என்கிறார்கள். போடுவான். பயந்தால்தானே பணம் வரும்!

அந்தப் பெண்ணின் போனில் இருந்த நோட்டீஸில் மேலே நான்கு சிங்க முத்திரை, நடுவில் ‘ஹைகோர்ட்’ ரப்பர் ஸ்டாம்ப், கீழே க்யூஆர் கோடு. அந்த முத்திரையை வக்கீல் தன் கடிதத்தில் போடவே கூடாது, 2005ஆம் வருடச் சட்டம் தடுக்கிறது. க்யூஆர் கோடு அனுப்பி, கைதை நிறுத்தப் பணம் கேட்கிற கோர்ட்டும் கிடையாது.

இதே டேட்டா என்ட்ரி வேலை என்று சொல்லித்தான் நம் பையன்களைக் கம்போடியாவுக்கும் மியான்மருக்கும் கூட்டிப்போய், ஆன்லைன் மோசடி செய்ய வைத்தார்கள். அதைத் தனியாக எழுத வேண்டும்.

வேலை கொடுப்பவன் உங்களிடம் பணம் கேட்டால் அது வேலையே இல்லை. ஒரு முறை கட்டினால் அடுத்து ‘என்ஓசி’ (ஆட்சேபம் இல்லை என்ற சான்று) கட்டணம் கேட்பான். பணம் போய்விட்டதா? உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் அவன் கணக்கிலேயே பணத்தை முடக்க வழி உண்டு. மெசேஜ்களை அழிக்காதீர்கள். வீட்டில் திட்டுவார்கள் என்று அழித்துவிட்டு வந்தால் நான் எதை வைத்து மனு எழுதுவது?

பெற்றோரே, தயவுசெய்து பிள்ளையைத் திட்டாதீர்கள். அந்தப் பயத்தில்தான் அடுத்த தவணையையும் கட்டுகிறார்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்றும் தயங்க வேண்டாம். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் சட்ட உதவி இலவசம். சட்ட உதவி எண் 15100க்கு அழையுங்கள், அல்லது கோர்ட் வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் குழுவுக்குப் போனோடு நேரே வாருங்கள், பணம் கட்டும் முன்னால்.